பார்கோடு, வைஃபை, பேசும் ஸ்பீக்கர்: மிருகத்தின் முத்திரை வீட்டுக்குள் வந்துவிட்டதா?

கேள்வி இது: "அம்மாவின் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. மளிகைப் பாக்கெட்டில் இருக்கும் பார்கோடு, வைஃபை ரவுட்டர், பேசும் ஸ்பீக்கர், ஏடிஎம் கார்டு சிப் எல்லாவற்றிலும் 666 மறைந்திருக்கிறது, இவற்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் இரகசிய வருகையில், அதாவது இயேசு வந்து தம் விசுவாசிகளை எடுத்துக்கொள்ளும்போது, கைவிடப்படுவார்கள் என்கிறார்கள். அம்மா ரவுட்டரைக் கழற்றிப் போடச் சொல்கிறார். இரவில் சரியாகத் தூங்குவதில்லை. இதில் எவ்வளவு உண்மை?"

நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு பொருளிலும் 666 ஒளிந்திருக்கவில்லை. இருந்திருந்தாலும், பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் முத்திரை, அதாவது கடவுளை எதிர்க்கும் 'மிருகத்தின்' அடையாளம் (அதன் எண்தான் 666), ஒருவருக்குத் தெரியாமல் சமையலறை அலமாரி வழியாக அவர்மேல் வந்து ஒட்டிக்கொள்கிற விஷயமில்லை. கடைகளுக்கு பில்லிங் கருவிகள் பொருத்திக் கொடுப்பது என் தொழில். எங்கள் சபையில் வேதபாட வகுப்பும் எடுக்கிறேன். கடைக்காரர்களும் கேட்கிறார்கள், சபையின் மூத்த தாய்மார்களும் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பார்கோடிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்த வதந்திகளில் ஏறக்குறைய எல்லாமே அங்கே இருந்துதான் கிளைவிட்டன. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரின் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் செய்தார்கள். அதுதான் இன்றைய வகைப் பார்கோடுக்கு முதல் விற்பனை. வடிவமைத்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர் ஜார்ஜ் லாரர். சில ஆண்டுகளுக்குள், 1980களின் தொடக்கத்திலேயே, "இதில் 666 இருக்கிறது" என்ற பேச்சு அமெரிக்கச் சபைகளில் பரவிவிட்டது. நம் அம்மாக்களுக்கு இப்போது வரும் வீடியோ அந்தப் பழைய பேச்சின் தமிழ் வடிவம்தான்.

அந்தப் பேச்சுக்கு ஒரு அடிப்படை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பாக்கெட்டில் உள்ள பார்கோடைப் பாருங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடங்களில் மற்றவற்றைவிடச் சற்று நீளமாக, மெல்லியதாக இரட்டைக் கோடுகள் இருக்கும். வலது பாதியில் 6 என்ற இலக்கத்துக்கும் மெல்லிய இரட்டைக் கோடுதான். ஆகவே மூன்று இரட்டைக் கோடு, மூன்று 6, மொத்தம் 666 என்கிறார்கள். கண்ணுக்கு அப்படித் தோன்றுவது உண்மைதான்.

ஸ்கேனருக்கு அப்படித் தெரிவதில்லை. அது கறுப்புக் கோட்டை மட்டும் படிப்பதில்லை, வெள்ளை இடைவெளியையும் சேர்த்து அளக்கிறது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் 7 கட்ட அகலம் ஒதுக்கியிருக்கிறார்கள். வலது பாதியில் வரும் 6 என்றால் ஒரு கட்டம் கறுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, அப்புறம் 4 கட்டம் வெள்ளை. அந்தப் பெரிய வெள்ளை இடமும் சேர்ந்தால்தான் அது 6. ஓரத்தில் இருக்கும் நீளக் கோடுகளுக்கு மொத்தமே 3 கட்டம்தான்: கறுப்பு, வெள்ளை, கறுப்பு. நடுவில் இருப்பதற்கு 5 கட்டம். 7 கட்டம் இல்லாத எதையும் ஸ்கேனர் இலக்கமாக எடுத்துக்கொள்ளாது. "இங்கே தொடங்குகிறது, இது நடு, இங்கே முடிகிறது" என்று இயந்திரத்துக்குச் சொல்லும் எல்லைக் கோடுகள் அவை, அவ்வளவுதான். அச்சான பாக்கெட் எந்த அளவில் இருந்தாலும் ஒரு கட்டம் எவ்வளவு அகலம் என்று கணக்குப் பண்ண இயந்திரத்துக்கு அவை தேவை. இன்னொன்று, இடது பாதியில் வரும்போது 6 வேறு வடிவங்களில் அச்சாகும். பாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஸ்கேனர் சரியாகப் படிப்பது இந்த வேறுபாட்டால்தான்.

இதை அம்மாவோடு உட்கார்ந்து வீட்டிலேயே பார்க்கலாம். கடைசி இலக்கம் 6 ஆக இருக்கும் ஒரு பாக்கெட்டைத் தேடி எடுங்கள். போன் கேமராவில் பெரிதாக்கினால் அந்த 6-க்கான இரட்டைக் கோடும், பக்கத்திலேயே ஓரத்தின் இரட்டைக் கோடும், இரண்டுக்கும் நடுவே அந்த 4 கட்ட வெள்ளையும் பளிச்சென்று தெரியும். நான் வேதபாட வகுப்பில் சோப்புப் பெட்டியை வைத்து இதைக் காட்டியிருக்கிறேன். ஒரு மணிநேரம் விளக்கம் சொல்வதைவிட இது உதவுகிறது. ஏனென்றால் வீடியோவில் பார்த்ததை அவர்களே தங்கள் கண்ணால் சரிபார்க்கிறார்கள்.

அப்படியே கோடுகளுக்குக் கீழே அச்சாகியிருக்கும் எண்களையும் வாசிக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் பதிவு செய்த பொருள் என்றால் 890 என்று ஆரம்பிக்கும், இலங்கை என்றால் 479. அடுத்து நிறுவனத்தின் எண், பொருளின் எண், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம். வாங்குபவரின் பெயர் அதில் இல்லை, விலைகூட இல்லை. விலை கடையின் கணினியில்தான் இருக்கிறது. லாரரிடம் கடைசிவரை இந்த 666 கேள்வி வந்துகொண்டே இருந்தது. இது தற்செயல்தான், என் பெயரின் மூன்று பகுதிகளிலும் ஆங்கிலத்தில் ஆறாறு எழுத்து இருப்பதைப் போல, என்று அவர் பதில் எழுதி வைத்திருந்தார். 2019-ல் காலமானார்.

டீக்கடை மேசையில் இருக்கும் கியூஆர் கோடு வேறு வகை. 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. அதில் இந்த எல்லைக் கோடுகளே கிடையாது. மூன்று மூலையில் இருக்கும் சதுரங்கள், எந்தப் பக்கம் மேல் என்று கேமரா கண்டுபிடிப்பதற்கு.

சரி, தொழில்நுட்பம் போதும். உங்கள் அம்மாவைத் தூங்கவிடாமல் செய்வது கோடுகள் அல்ல, அந்த வசனம். அதனால் வசனத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

இந்த வீடியோக்கள் பெரும்பாலும் வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரம் 16, 17 வசனங்களை வாசிக்கும். வலது கையிலோ நெற்றியிலோ முத்திரை, அது இல்லாதவர் கொள்ளவும் விற்கவும் முடியாது என்ற பகுதி. 18-ஆம் வசனத்திலிருந்து 666-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடும். ஆனால் அதே வசனம், புத்தியுடையவன் அந்த இலக்கத்தைக் கணக்குப் பார்க்கட்டும், "அது மனுஷனுடைய இலக்கமாயிருக்கிறது" என்கிறது. கணக்குப் பார் என்பது முதல் வாசகர்களுக்குச் சொல்லப்பட்டது. பத்மு தீவிலிருந்து ஆசியா மைனரின் (இன்றைய துருக்கியின் பகுதி) ஏழு சபைகளுக்கு யோவான் எழுதிய நிருபம் அது. பெரும்பாலான அறிஞர்கள் முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டதாகக் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எண்களுக்குத் தனிக் குறி இல்லை, எழுத்துகளே எண்கள். ஒருவர் பெயரின் எழுத்துகளைக் கூட்டி ஓர் எண்ணாகச் சொல்வது எல்லாருக்கும் பழகிய வழக்கம். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ரோமப் பேரரசர் நீரோ கேசரின் பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டுங்கள்: 50, 200, 6, 50, 100, 60, 200. மொத்தம் 666. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 666-க்குப் பதில் 616 என்று இருக்கிறது. லத்தீன் உச்சரிப்பின்படி நீரோவின் பெயரில் கடைசி 'ன்' விழுந்துவிடும். அதற்குரிய 50-ஐக் கழித்தால் 616. இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்துவதால்தான் பல வேத அறிஞர்கள் இந்த விளக்கத்தை ஏற்கிறார்கள்.

கொள்ளல் விற்றல் என்பதும் அந்த மக்களின் அன்றாடப் பிரச்சினை. சந்தையில் புழங்கிய நாணயத்தில் பேரரசரின் உருவம் இருந்தது. தியத்தீரா போன்ற ஊர்களில் தொழிலாளர் சங்கங்களின் விருந்துகள் தெய்வங்களின் பெயரால் நடந்தன. அதில் உட்கார மறுத்தவருக்குத் தொழில் கெடும். பெர்கமுவில் பேரரசர் வழிபாட்டுக்கென்றே கோயில் இருந்தது. வயிற்றுப் பிழைப்புக்காக யாரை வணங்குவாய் என்ற கேள்விதான் அவர்கள் முன்னால் நின்றது.

உங்கள் அம்மாவின் சபை இதை முழுக்க எதிர்காலத் தீர்க்கதரிசனமாகப் போதிக்கலாம். பல தமிழ்ச் சபைகள் அப்படித்தான் போதிக்கின்றன, அதோடு நீங்கள் வாதாடத் தேவையில்லை. அந்த வழியில் வாசித்தாலும் 14-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்குகிறது. அங்கே எச்சரிக்கை மிருகத்தை வணங்கி, முத்திரையையும் தரித்துக்கொள்ளுகிறவனுக்கு. இரண்டும் சேர்ந்தே வருகின்றன. வணங்குவது தெரிந்தே செய்யும் காரியம். பிஸ்கட் வாங்கியதால் ஒருவர் அறியாமல் வேறொருவரை வணங்கிவிட்டார் என்று சொல்ல அந்த நூலில் ஒரு வரிகூட இல்லை.

நான் எந்த வீடியோவிலும் கேட்காத ஒரு பகுதி உண்டு. 14-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆட்டுக்குட்டியானவரோடு, அதாவது இயேசுவோடு, நிற்பவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்னால், 7-ஆம் அதிகாரத்தில், தேவனுடைய ஊழியக்காரரின் நெற்றியில் முத்திரை போடப்படுகிறது. உபாகமம் 6-ல் கட்டளைகளைக் கையில் அடையாளமாகக் கட்டிக்கொள் என்று வருவதை யூத விசுவாசிகள் நன்கு அறிவார்கள். கை செயலுக்கு, நெற்றி நினைவுக்கு. நீ யாருக்குச் சொந்தம் என்பதைத்தான் இரண்டு முத்திரைகளும் சொல்கின்றன. பயத்தில் தூங்காமல் இருக்கும் ஒரு விசுவாசியிடம் ஒரு முத்திரையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, அவருக்கென்று எழுதப்பட்ட மற்றதைச் சொல்லாமல் விடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. இரண்டாம் நூற்றாண்டிலேயே இரேனேயு என்ற ஆயர் இந்த எண்ணுக்குப் பொருந்தும் பல பெயர்களைப் பட்டியலிட்டு, அவசரப்பட்டு எதையும் முடிவுகட்ட வேண்டாம் என்று எழுதினார். 666 வதந்தி எதைக் கேட்டாலும் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரவுட்டர் ரேடியோ அலையில் வேலை செய்கிறது. வீட்டு ரவுட்டரின் அலைபரப்பும் திறன் பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். உங்கள் வைஃபை பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று இருந்தால் அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிக்கிறது, போன் கோபுரத்தின் ஐந்தாம் தலைமுறையை அல்ல. நிறையப் பேர் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தே பயப்படுகிறார்கள். ஏடிஎம் கார்டு சிப்பில் பேட்டரி கிடையாது. இயந்திரத்துக்குச் சில சென்டிமீட்டர் அருகில் கொண்டுபோனால்தான் உயிர் பெறும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதனால் யாருக்கும் சொல்ல முடியாது.

உடம்புக்குள் வைக்கும் சிப் பற்றியும் வீடியோவில் வரும். அப்படி ஒன்று உண்மையாகவே இருந்தது. அரிசி அளவுள்ள வெரிசிப் என்ற கருவிக்கு 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. மருத்துவக் குறிப்பைத் தேட ஓர் எண் மட்டும் அதில் இருந்தது. வாங்க ஆளில்லாமல் 2010-ல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 2020-ல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தின் வெளியீட்டு எண்ணில் 060606 வந்ததை எடுத்துக்கொண்டு, தடுப்பூசி வழியாக சிப் ஏற்றப் போகிறார்கள் என்று பரப்பினார்கள். அந்த விண்ணப்பம் உடல் அசைவுத் தரவைக் கொண்டு கிரிப்டோ நாணயம் உருவாக்குவது பற்றியது. அதில் தடுப்பூசியும் இல்லை, உடலுக்குள் பொருத்தும் சிப்பும் இல்லை. ஆண்டு 2020, அடுத்து வரிசை எண் 060606. விண்ணப்பங்கள் வரிசையாக எண்ணிடப்படும்போது யாராவது ஒருவருக்கு அந்த எண் விழத்தான் செய்யும்.

இதெல்லாம் வாட்ஸ்அப்பால் வந்த நோய் என்றும் நினைக்க வேண்டாம். ஏரியல், டைட், விக்ஸ் தயாரிக்கும் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் பழைய சின்னத்தில் தாடி வைத்த பிறைநிலா முகமும் 13 நட்சத்திரமும் இருந்தன. 13 என்பது அமெரிக்காவின் ஆரம்பகாலக் குடியேற்றங்களின் எண்ணிக்கை. அந்தத் தாடியின் சுருளில் 666 இருக்கிறது, நிறுவனத் தலைவர் சாத்தானுக்குக் காணிக்கை கொடுப்பதாக டிவி நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார் என்று 1980களில் நகலெடுத்த துண்டுக் காகிதங்கள் சபை சபையாகச் சுற்றின. அப்படி ஒரு நிகழ்ச்சி நடக்கவே இல்லை. ஆனாலும் 1985-ல் நிறுவனம் பாக்கெட்டுகளிலிருந்து சின்னத்தை எடுக்க வேண்டியதாயிற்று. போட்டி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர்கள் இதே கதையைக் குரல்செய்தியாகப் பரப்பிய வழக்கில், 2007-ல் அவர்கள் 1 கோடியே 92.5 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. பக்தியாகத் தொடங்கிய பயம் வியாபாரப் போட்டிக்கும் கருவியாகிவிட்டது. இன்று யூடியூபில் பார்வைகளுக்காக அதே கதை மறுபடி மறுபடி வெட்டி ஒட்டப்படுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. காணொளி போடுபவருக்கு விளம்பர வருமானம். அம்மாவுக்குத் தூக்கம் போகிறது.

கிறிஸ்தவர்கள் மட்டும்தான் இப்படி என்பதும் இல்லை. சவூதி அரேபியாவில் 1965-ல் டிவி வந்தபோது மார்க்கத்துக்கு விரோதம் என்று எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் ஓர் இளவரசரே சுடப்பட்டு இறந்தார். புதிய கருவி வீட்டுக்குள் வரும்போது, அதன் வேலை கண்ணுக்குத் தெரியாத வரை, அந்த வெற்றிடத்தை மக்கள் தங்களுக்குத் தெரிந்த நம்பிக்கையைக் கொண்டுதான் நிரப்புகிறார்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மாவின் பயத்துக்குள் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது: "யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள்" என்பது. அது கற்பனை அல்ல. பேசும் ஸ்பீக்கர் தன்னை அழைக்கும் சொல் வருகிறதா என்று எந்நேரமும் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அமேசான், கூகுள், ஆப்பிள் மூன்றுமே பயனர்களின் குரல் பதிவுகளில் சிலவற்றை ஆட்களை வைத்துக் கேட்டது 2019-ல் வெளிவந்தது. விசியோ என்ற டிவி நிறுவனம், மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்களுக்குத் தெரியாமல் சேகரித்ததற்காக 2017-ல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியது. எல்லாக் கொடுக்கல் வாங்கலும் ஓர் எண்ணோடு பிணைக்கப்படுவது நல்லதா என்பதும் நியாயமான கேள்வி. நம் நாட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி அதே கேள்வியைச் சட்டத்தின் மொழியில் கேட்டு வழக்குப் போட்டார். 2017 ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பரில், தனியார் நிறுவனங்கள் ஆதார் எண்ணைக் கேட்க வழிசெய்த சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆதாரை மிருகத்தின் முத்திரை என்று சொல்லி ஒதுங்கியவர்கள் வடகிழக்கு மாநிலங்களில் இருந்தார்கள். அவர்களின் மனசாட்சியை மதிக்கிறேன். ஆனால் எல்லாருக்கும் ஒரு பாதுகாப்பைப் பெற்றுத் தந்தது அந்த வழக்குதான். பயத்தை 666 என்ற எண்ணில் கொண்டுபோய்க் கட்டும்போது, உண்மையில் கேட்க வேண்டிய கேள்வியை யாருமே கேட்காமல் போய்விடுகிறோம்.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியவை. ஸ்பீக்கரில் மைக்கை அணைக்கும் பொத்தான் இருக்கும், ஜெப நேரத்திலும் இரவிலும் அதை அழுத்தி வையுங்கள். அம்மாவின் கையாலேயே அழுத்தச் செய்தால் இன்னும் நல்லது. டிவி அமைப்புகளில் பார்க்கும் நிகழ்ச்சிகளைக் கண்காணிக்கும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். ரவுட்டரை இரவில் அணைத்து வைக்க அம்மா விரும்பினால் அணைக்கட்டும், அதில் நஷ்டம் இல்லை. ஆனால் "சரி, கழற்றிவிடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருமுறை கழற்றினால் வீடியோ சொன்னது உண்மை என்று நீங்களும் ஒப்புக்கொண்டதாக ஆகும். அடுத்து மருந்து அட்டையில் இருக்கும் பார்கோடு கண்ணில் படும்.

சிரிக்கவும் வேண்டாம். "படிக்காதவர்கள் நம்புவது" என்ற தொனி குரலில் வந்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அவர் ஜெபக்குழுவிடம்தான் ஆறுதல் தேடுவார். 13, 14 இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் அவரோடு சத்தமாக வாசியுங்கள். பிறகு அந்தப் பாக்கெட்டை எடுங்கள். வீடியோ வந்த குழுவில் சண்டை போட வேண்டாம். "பலமுறை பகிரப்பட்டது" என்ற இரட்டை அம்புக்குறி எதைக் குறிக்கிறது என்று மட்டும் அம்மாவுக்குக் காட்டுங்கள். தெரிந்த சகோதரி அனுப்பியதால் நம்பியிருப்பார், அந்தச் சகோதரியும் அதை எழுதியவர் இல்லை என்று தெரிந்தால் பிடி கொஞ்சம் தளரும்.

அப்புறம் உங்கள் போதகரைப் பாருங்கள். முன்கூட்டியே தனியாகப் பேசி, அம்மாவின் தூக்கமின்மையையும் சொல்லி, 14-ஆம் அதிகாரத்தை ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவின் பெயர் அதில் வர வேண்டாம். அந்த ஜெபக்குழுவில் இதே பயத்தோடு இன்னும் சிலர் வெளியே சொல்லாமல் இருப்பார்கள், அவர்களுக்கும் போய்ச் சேரும். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். ஜெபமும் நடக்கட்டும்.